சுடும் சில்லு, சுற்றும் ஃபேன்: தெரியுமா உங்களுக்கு?

கம்ப்யூட்டர் பிராசசர் குடிக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் சூடாக மாறுகிறது தெரியுமா? பாதி? முக்கால்? இல்லை, மொத்தமும்! கணக்குப் போடுவது, படம் காட்டுவது, கேம் ஓட்டுவது எல்லாம் போகிற வழியில் நடக்கும் சங்கதிகள். 142 வாட் உள்ளே போனால் அந்த 142 வாட்டும் சூடாக வெளியே வந்தே தீர வேண்டும். தப்பிக்க வழியே கிடையாது.

அது சரி, அத்தனை சூடும் எவ்வளவு இடத்திலிருந்து கிளம்புகிறது? அங்கேதான் தலை சுற்றும்! இன்டெல் கோர் ஐ9-13900கே சில்லின் பரப்பு சுமார் 257 சதுர மில்லிமீட்டர். ஒரு தபால்தலைகூட அதைவிடப் பெரியது. முழு வேகத்தில் அது 253 வாட் வரை இழுக்கும். ஆக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 வாட்! மொட்டைமாடியில் உச்சிவெயில் காயும்போது ஒரு சதுர சென்டிமீட்டரில் விழுவது 0.1 வாட். அதைப்போல ஆயிரம் மடங்கு! சமையலறையில் 1,500 வாட் ஹாட்பிளேட் வைத்திருந்தால் அதன் தட்டிலும் சதுர சென்டிமீட்டருக்கு 6 வாட் சொச்சம்தான். தோசை சுடும் சூட்டைப்போல பதினைந்து மடங்கு நெருக்கமான சூடு உங்கள் மேஜைக்கடியில் உட்கார்ந்திருக்கிறது!

இத்தனைக்கும் 1985-ல் வந்த 386 பிராசசரின் மேல் ஒரு தகடுகூடக் கிடையாது. வெறும் பீங்கான் சில்லு, அவ்வளவுதான். ஹீட்சிங்க் என்ற சமாசாரம் 486 காலத்தில் தலைகாட்டி, 1993-ல் பென்டியம் வந்தபோது ஃபேனும் சேர்ந்துகொண்டது. அந்த முதல் பென்டியத்தின் சூடு எவ்வளவு என்கிறீர்கள்? 15 வாட் அளவுக்குத்தான்! இன்றைய எல்இடி பல்பு ஒன்றின் வாட்டுக்கு அன்றைக்கு ஃபேன் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு பைத்தியக்கார ஓட்டப்பந்தயம். 2001-ல் இன்டெலின் பாட் கெல்சிங்கர் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டு மேடையில் நின்று சொன்னார்: இதே போக்கில் போனால் சில்லின் சூட்டு அடர்த்தி அணு உலையை எட்டும், பிறகு ராக்கெட்டின் வாயை எட்டும், கடைசியில் சூரியனின் மேற்பரப்பையே எட்டிவிடும்! யாரும் சூரியனை எட்டவில்லை. ஆனால் 2004 அக்டோபரில் இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐயே கைவிட்டது. அந்த மாதமே ஆர்லாண்டோவில் ஒரு மாநாட்டில் இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட் என்ன செய்தார் தெரியுமா? மேடையில் வேடிக்கையாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்! இரண்டே வருஷத்தில், இஸ்ரேலில் உள்ள இன்டெல் குழு உருவாக்கிய கோர் 2 டுவோ 65 வாட் வரையறையில் வந்து பென்டியம் 4-ஐத் தூக்கிச் சாப்பிட்டது. வேகம் வேண்டுமானால் சூடும் வேண்டும் என்ற நினைப்புக்கு விழுந்த பலத்த அடி அது.

ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்த கூலரைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? இதையும் ஒருவர் செய்து பார்த்துவிட்டார். 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளத்தின் தாமஸ் பாப்ஸ்ட், ஓடிக்கொண்டிருக்கும் பிராசசர்களின் தலையிலிருந்து ஹீட்சிங்கைப் பிடுங்கி வீடியோ எடுத்தார். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல நொண்டியது, ஆனால் நிற்கவில்லை. பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது. ஏஎம்டி அத்லானிலிருந்து புகை வந்தது! சில நொடிகளில் ஆள் காலி. இப்போதைய பிராசசர்கள் எல்லாமே அந்தப் பென்டியம் 4-ன் புத்தியைக் கற்றுக்கொண்டவை. சூடு எல்லை தாண்டப் பார்த்தால் தாமாக வேகத்தை இறக்கிக்கொள்ளும். எரியாது, பயமில்லை. ஆனால் மோசமான கூலரோடு போட்டால், காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது. கூடவே ஃபேன் ஊளையிடும்.

இந்த ஊளைக்கு வருவோம். மேம்படுத்தல் பேச்சில் பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் பிராசசரை மணிக்கணக்கில் பேரம் பேசி வாங்குவார்கள், "கூலர் எதாவது ஒண்ணு போடுங்க" என்று கடைசியில் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள்!

ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் எவ்வளவு குறையும் தெரியுமா? பாதி என்றால் தப்பு. ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கும்! காதுக்கு 10 டெசிபெல் குறைந்தாலே சத்தம் பாதியானதுபோல் இருக்கும். ஆக 15 டெசிபெல் என்றால் மூன்றில் ஒரு பங்குபோல. 1,500 சுற்றில் இரைகிற ஃபேன் 750 சுற்றில் ஏறக்குறைய காணாமலே போய்விடும். ஃபேன் தின்னும் மின்சாரமோ எட்டில் ஒன்றாகிவிடும். காற்று? அது மட்டும்தான் பாதி குறைகிறது. சத்தத்தில் இத்தனை லாபம், காற்றில் இவ்வளவுதான் நஷ்டம்! இப்படி ஒரு வியாபாரம் வேறு எங்கே கிடைக்கும்?

இன்னொன்று கேளுங்கள். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் போட்டால் சத்தம் இரட்டிப்பாகிவிடும் என்றுதானே நினைப்போம்? கூடுவது வெறும் 3 டெசிபெல்! ஒரு ஃபேனை முழு வேகத்தில் விரட்டுவதைவிட இரண்டு ஃபேன்களை 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 5 டெசிபெல் இறங்கும், இரண்டும் சேர்ந்து 3 ஏறும், மொத்தத்தில் அமைதிதான் கூடும். ஆள் கூடக்கூடச் சத்தம் குறையும் அதிசயம் இங்கே மட்டும்தான்; நம் வீட்டுக் கல்யாணங்களில் நடக்காது.

அளவிலும் ஒரு ரகசியம் உண்டு. 80 மில்லிமீட்டர் ஃபேனிலிருந்து 120 மில்லிமீட்டருக்குப் போனால் பரப்பு இரண்டேகால் மடங்கு. அதே காற்றைத் தள்ள அது பாதி வேகத்தில் சோம்பலாகச் சுற்றினாலே போதும். அமைதியான கூலர் என்றால் பெரிய உடம்பும் நிதானமான சுற்றும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கூலர் ஒன்று "அதிவேக ஃபேன்" என்று அட்டைப்பெட்டியில் பெருமையடித்தால் அந்தப் பெட்டியை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடலாம்.

சரி, தபால்தலை அளவில் கிளம்பும் சூட்டை அந்தப் பெரிய உடம்பு முழுக்கப் பரப்புவது யார்? ஹீட்பைப்! கூலரின் அடியிலிருந்து மேலே வளைந்து போகுமே, 6 மில்லிமீட்டர் தடிமனில் செம்புக்குழாய்கள், அவைதான். கெட்டியான செம்புக் கம்பி என்று பலர் நினைத்திருப்பார்கள். உள்ளே வெற்றிடம்! அதில் சில சொட்டுத் தண்ணீர். சுவரோரம் செம்புத்தூளைச் சுட்டு ஒட்டிய துளைத்துளையான பூச்சு. உள்ளே காற்றழுத்தமே இல்லாததால் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காது, பிராசசர் லேசாகச் சூடேறினாலே ஆவியாகிவிடும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடும், அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகும், துளைகள் வழியே உறிஞ்சப்பட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, ஒரு துளி சத்தம் இல்லை! வெறும் செம்புக் கம்பியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். இதற்கு 1942-லேயே அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காகுளர் காப்புரிமை கேட்டார், 1944-ல் கிடைத்தது. அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1963-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் மறுபடியும் கண்டுபிடித்தார். 1967-ல் அது பூமியைச் சுற்றிவரப் போய்விட்டது. விண்கலத்துக்கான சாமான் இன்று சில ஆயிரம் ரூபாய் கூலரில் ஆறு குழாயாக வந்து இறங்குகிறது!

ஆந்தை அலறினால் அபசகுனம் என்போம். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனமோ ஆந்தையைச் சின்னமாக வைத்தே ஊரைக் கட்டியாண்டுகொண்டிருக்கிறது! காரணம் இல்லாமல் இல்லை. ஆந்தையின் சிறகு விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு உண்டு, காற்று கிழிபடும் சத்தத்தை அது அடக்கிவிடும். ஆந்தை தலைக்குமேல் வரும்வரை எலிக்குத் தெரியாது. இந்த நிறுவனம் 2018-ல் விட்ட ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனில் இறக்கையின் நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர்! அந்த இடுக்கு வழியாகக் காற்று பின்னால் நழுவினால் வீண். ஆனால் சாதாரணப் பிளாஸ்டிக்கில் இப்படிச் செய்ய முடியாது. சுற்றச் சுற்ற இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு சட்டத்தில் உரசிவிடும். அதற்காகவே நீளாத ஒரு பாலிமரைத் தயாரித்தார்கள். 2021-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஃபேனே இல்லாமல் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் கூலரை விற்பனைக்கு விட்டார்கள். அவர்கள் ஃபேன்களின் வழக்கமான நிறம் மட்டும் காப்பிக்கொட்டையும் வெளிர்பழுப்பும். அழகு என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு விலை உயர்ந்ததைத்தான் வாங்க வேண்டுமென்று முடிவுகட்டாதீர்கள். தைவானின் தெர்மல்ரைட் போன்றவர்கள் இரட்டைக் கோபுரமும் ஆறு ஹீட்பைப்பும் இரண்டு ஃபேனும் வைத்து, பேர்போன மாடல்களின் விலையில் ஒரு பகுதிக்கே தருகிறார்கள். குளிர்ச்சியில் வித்தியாசம் சில டிகிரிதான். என்னைக் கேட்டால், சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதற்குமேல் செலவழிப்பது ஆசைக்காகத்தான்.

மேம்படுத்தலுக்கு நிஜமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பிராசசர் உட்காரும் இடமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட். 2017-ல் ரைசன் பிராசசர் வந்தபோது வாங்கிய பல மதர்போர்டுகளில், 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியை அப்படியே உட்காரவைக்கலாம். ஐந்து வருஷ இடைவெளி! மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பிக்க வேண்டும். அதையும் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், கழற்றியபின் நினைத்துப் பிரயோசனமில்லை. ஆனால் பழைய ரைசன் 5-உடன் வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர் இருக்கிறதே, அது ஹீட்பைப் ஒன்றுகூட இல்லாத அலுமினியக் கட்டி. 65 வாட் பிராசசருக்கு அளவெடுத்துத் தைத்தது. 105 வாட் என்று எழுதியிருக்கும் பிராசசரின் தலையில் அதை வைத்தால் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்! இந்த ரகப் பிராசசர்களின் பெட்டியில் பெரும்பாலும் கூலரே வராது என்பதையும் பட்ஜெட் போடும்போதே கணக்கில் வையுங்கள்.

அந்த 105 வாட்டும் ஒரு கண்கட்டு வித்தைதான்! பெட்டியில் 105 என்று போட்டிருக்கும், உண்மையில் சாக்கெட் வழியே 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. 13900கே பெட்டியில் 125 வாட் என்றிருக்கும், உச்சத்தில் 253. கூலர் வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

பழைய கூலரைக் கழற்றுவதிலும் ஒரு திகில் இருக்கிறது. ஏஎம்4-ல் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கும். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே வருஷக்கணக்கில் காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசையாகிவிடும். நேராக மேலே இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே பிராசசர் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும்! வழி எளிது. முதலில் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக்குங்கள். அணைத்து, மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஸ்க்ரூவையோ கொக்கியையோ விடுவித்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கைக்குத் தெரியும். அதன்பிறகுதான் தூக்க வேண்டும். இன்டெல்காரர்களுக்கு ஊசி மதர்போர்டில் இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை. அவர்கள் தலைவலி வேறு. எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் கூலர் துளைகளின் இடைவெளி 78 மில்லிமீட்டர், அதற்கு முந்தையவற்றில் 75. மூன்றே மில்லிமீட்டருக்காகப் பழைய கூலருக்குப் புது மாட்டுச்சட்டம் தேட வேண்டியிருக்கிறது!

இப்போது நம்ம ஊர் விஷயம். கூலரால் பிராசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகவே முடியாது, தெரியுமா? காற்றுக்கூலரோ தண்ணீர்க்கூலரோ, அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்தும் என்பதுதான் அதன் யோக்கியதை. 142 வாட்டில் ஒரு கூலர் 50 டிகிரி ஏற்றத்தில் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்தேசத்துச் சோதனைக்கூடத்தில் 21 டிகிரி அறையில் அது 71 காட்டும். அக்னி நட்சத்திரத்தில் சென்னை மாடி அறையில் 37 என்றால் அதே கூலர் 87! கூலர் மேல் குற்றமில்லை. விமர்சனங்களில் போடும் எண்ணோடு அந்தப் பதினாறு டிகிரியைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்தால் போதும், பாதி ஏமாற்றம் தீர்ந்துவிடும்.

கூட்டுவதற்குப் பதிலாகக் குறைக்கவும் வழி இருக்கிறது, அதுவும் இலவசமாக! ரைசனில் ஈக்கோ மோட் என்று ஒன்று உண்டு. பயாஸில் அதைத் தொட்டால் ரைசன் 7 5800எக்ஸ் போன்ற 142 வாட் ஆசாமி 88 வாட்டில் அடங்கிவிடும். அதே கூலரில் 50 டிகிரி ஏற்றம் 31 அளவுக்கு இறங்கும். வேகத்தில் இழப்பு? சொற்பம்! பிராசசரின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டியிருக்கிறது. மின்னழுத்தம் ஏறினால் வாட் அதன் வர்க்கத்தில் ஏறும். அந்தக் கொசுறு வேகத்துக்குத்தான் இத்தனை சூடும். கூலருக்குக் காசு எடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், புதுக் கூலரே தேவைப்படாமல் போனாலும் போகலாம்.

அமெரிக்காவில் ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட் ஓர் அறை கட்டியிருக்கிறது. 2015-ல் அங்கே அளந்த அமைதி மைனஸ் 20 டெசிபெலுக்கும் கீழே, அப்போதைய உலக சாதனை! உள்ளே போனவர்களுக்குத் தங்கள் இதயத் துடிப்பே கேட்கிறதாம். நம் வீட்டில் அது தேவையில்லை. சீலிங் ஃபேனும் தெருவும் போதுமான சத்தம் போடுகின்றன, அதற்குள் கூலர் அடங்கினால் சரி. காதை உறுத்துவது தொடர்ந்து வரும் மெல்லிய இரைச்சல் அல்ல, ஏறி இறங்கும் சத்தம்தான். ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே பிராசசர் ஒரு நொடிக்குப் பத்து டிகிரி எகிறும், ஃபேனும் கூடவே விர்ரென்று எழும்பும், உடனே அடங்கும். பயாஸில் ஃபேன் கர்வ் என்ற பகுதிக்குப் போய், 65 அல்லது 70 டிகிரி வரை கோட்டைப் படுக்கையாகப் போட்டு, வேகம் மாறுவதற்குச் சில நொடித் தாமதமும் கொடுங்கள். பைசா செலவில்லாமல் பாதிச் சத்தம் போய்விடும்! நான்கு ஊசி ஃபேனுக்கு வேகக் கட்டளை போவது நொடிக்கு 25,000 துடிப்பு என்ற கணக்கில். ஏன் அந்த எண்? மனிதக் காது 20,000-ஐத் தாண்டிக் கேட்காது. கட்டளைகூட நம் காதில் விழக்கூடாது என்று யோசித்திருக்கிறார்கள், பாருங்களேன்!

தண்ணீர்க்கூலர் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 1985-ல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரில் மின்சுற்றுகளையே ஃப்ளோரினெர்ட் என்ற திரவத்தில் முக்கிவைத்திருந்தார்கள், உள்ளே குமிழி விடுவது வெளியிலிருந்தே தெரியும்! அந்த மிடுக்கில் மயங்கித்தான் இன்று பாதிப்பேர் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வாங்குகிறார்கள். தண்ணீர் சூட்டைத் தின்றுவிடாது, ரேடியேட்டர் வரை சுமந்துபோகும், அவ்வளவுதான். அங்கேயும் ஃபேன்தான் ஊத வேண்டும். போதாக்குறைக்கு பம்ப்பின் ரீங்காரம். 250 வாட் பிராசசர் என்றால் வாங்குங்கள். 150 வாட்டுக்குக் கீழே, அமைதிதான் நோக்கமென்றால், பெரிய காற்றுக்கூலரே போதும். ஃபேன் கெட்டால் ஐந்து நிமிஷத்தில் வேறொன்றை மாட்டலாம். பம்ப் கெட்டால் மொத்தமும் குப்பை.

கடைசியாக அந்தப் பேஸ்ட். கூலரின் அடித்தகடு கண்ணாடிபோல மின்னினாலும் நுணுக்கிப் பார்த்தால் மேடுபள்ளம்தான். அந்தப் பள்ளங்களில் காற்று நின்றால் சூடு கடக்காது. செம்பு சூட்டைக் கடத்தும் திறன் 400 என்றால் காற்றுக்கு 0.026! பேஸ்ட் அந்த ஓட்டையை அடைக்க வந்தது, அவ்வளவுதான். அதன் திறனும் செம்புக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே பட்டாணியளவு போதும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து, பிராசசரின் மேற்பரப்பிலிருந்து கதவு வரை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். நல்ல கோபுரக் கூலர்கள் 155 முதல் 165 மில்லிமீட்டர் உயரம், மலிவு கேபினெட்டுகள் பலவற்றில் அந்த இடம் இருக்காது. ரேம் மேல் ஃபேன் இடிக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது ஒன்றே ஒன்றை மறந்துவிடாதீர்கள்: புதுக் கூலரின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரித்துவிட்டு மாட்டுங்கள்!